பின்னட்டையைக் கேட்டு வாங்குங்கள்

தனியிசைக் கலைஞர்களுக்கு ஆல்பம் உறை வடிவமைக்கும் இளைய தோழர்களுக்கு,



உங்கள் அட்டைகளைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். சினிமா போஸ்டரின் சாயல் இல்லாமல், கையால் எழுதிய தலைப்புகளோடு வரும் உங்கள் வேலைகளைப் பார்த்தால் மனம் நிறைகிறது. சொந்தக் காசைப் போட்டு ஆறு பாட்டுப் பதிவு செய்கிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ ஊர் முன்னால் நிற்க ஒரு முகம் வரைந்து தருகிறீர்கள். உங்கள் முன்னட்டைகளைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் பேச வந்தது பின்னட்டையைப் பற்றி.

இப்போது வேலை எப்படி வருகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். "கவர் ஒண்ணு வேணும் ப்ரோ, வெள்ளிக்கிழமை ரிலீஸ்" என்று ஒரு செய்தி வரும். 3000-க்கு 3000 பிக்சலில் ஒரு சதுரம் வேண்டும். தளங்களின் விதிப்படி அதில் இணைய முகவரி இருக்கக் கூடாது, விளம்பர வாசகம் இருக்கக் கூடாது. வரைந்து அனுப்புகிறோம், கைபேசித் திரையில் அது நகத்தளவுக்குச் சுருங்கி நிற்கிறது. அந்தச் சதுரத்துக்கு முதுகு கிடையாது. பேஸ் கிட்டார் வாசித்தது யார், எந்த ஸ்டூடியோவில் பதிவானது, இரண்டாவது பாட்டில் அடிவயிற்றைப் பிசைகிற அந்த உருமி யாருடைய கை, எதுவும் அதில் தெரியாது. பதிவறைக்குள் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் காணாமல் போய், முன்னால் நிற்கிறவரின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அடுத்த வேலை வரும்போது, முன்னட்டைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னாலேயே பின்னட்டையையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் மறந்திருப்பார்கள். நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

நம் தொழிலின் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். அரக்குத் தட்டுகள் ஓடிய காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் இசை. ஒரு சிம்பொனி கேட்க நாலைந்து தட்டு வேண்டும். அவற்றைக் காகிதப் பைகளில் போட்டு, தடித்த அட்டையில் புத்தகம் மாதிரி தைத்து, முதுகில் பெயரைப் பொறித்துக் கடையில் அடுக்கி வைத்தார்கள். அட்டையில் பெரும்பாலும் படம் கிடையாது. 1939-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். இசையைப் பார்த்ததுமே வாங்கத் தோன்றும்படி உறை செய்யலாம் என்று நிர்வாகத்திடம் வாதாடி ஒப்புதல் வாங்கினார். ராட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல் தொகுப்புக்காக நியூயார்க்கின் இம்பீரியல் தியேட்டர் வாசலில் இருக்கும் விளக்குப் பலகையில் ஆல்பத்தின் பெயரையே எரிய வைத்துப் படமெடுத்தார். உறைக்கலை என்று நாம் சொல்வதன் தொடக்கம் அங்கேதான்.

1948-இல் கொலம்பியா எல்பி தட்டைக் கொண்டுவந்தபோது அவருக்கு இன்னொரு வேலை வந்தது. பழைய முரட்டுப் பழுப்புக் காகிதப் பைகள், புதுத் தட்டின் மெல்லிய வரிப்பள்ளங்களில் தடம் பதித்துக் கெடுத்தன. அதனால் மெல்லிய அட்டையை மடித்து, அச்சடித்த காகிதத்தை மேலே ஒட்டி, ஒரு புது உறையைச் செய்தார். சுமார் 31 சென்டிமீட்டர் சதுரமாக இன்றைக்கும் நாம் கையில் பிடிக்கிற எல்பி உறை அதன் வழியில் வந்ததுதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த வடிவம் தட்டைக் காப்பாற்றுகிற கவலையிலிருந்து பிறந்தது என்பது. அந்தக் கவலையின் உபரியாக நமக்கு ஒன்று கிடைத்தது: முன்னட்டை அளவுக்கே பெரிய, எழுதுவதற்கென்றே காலியாகக் கிடந்த ஒரு பின்பக்கம்.

அந்தப் பின்பக்கத்தை மிக நன்றாகப் பயன்படுத்தியவர்கள் நியூயார்க்கின் புளூ நோட் ஜாஸ் நிறுவனத்தார். ஃபிரான்சிஸ் வூல்ஃப் பதிவறைக்குள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து ரீட் மைல்ஸ் சுமார் 500 உறைகள் செய்தார். பல உறைகளில் கறுப்போடு ஒரே ஒரு நிறம்தான். பணம் இல்லை என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு அவற்றைக் காட்டலாம். ஜாக்கி மெக்லீனின் "இட்ஸ் டைம்" உறையில் ஆச்சரியக்குறிகளை வரிசை வரிசையாக நிறுத்தியே காரியத்தை முடித்தார். முன்னட்டையைப் பார்த்து வியந்துவிட்டுத் தட்டைத் திருப்பினால், யார் டிரம்பெட், யார் டெனர் சாக்ஸ், யார் டிரம்ஸ் என்று ஒவ்வொருவர் பெயரும் வாத்தியத்தோடு இருக்கும். ஒலிப்பதிவு ரூடி வான் கெல்டர் என்று இருக்கும். உறை வடிவமைத்தவர் பெயரும் இருக்கும். அந்த இசை எப்படிப் பிறந்தது என்று விளக்குகிற நீண்ட கட்டுரை இருக்கும். ரீட் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய நாட்டம் கிடையாது. செவ்வியல் இசைதான் அவர் விரும்பிக் கேட்டது என்பார்கள். பாட்டை ஆயிரம் தடவை கேட்ட பிறகுதான் வரைய வேண்டும் என்று நம்முள் சிலர் கறாராகச் சொல்வதுண்டு. நானும் கேட்டுவிட்டுத்தான் வரைவேன், ஆனால் அதை விதியாக்க மாட்டேன். யார் வாசித்தார்கள் என்று கேட்டறியாமல் வரையக் கூடாது என்பதைத்தான் விதியாக்குவேன்.

பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராய்ட் நகரத்தைப் பாருங்கள். 1959-இல் தொடங்கிய மோடவுன் நிறுவனத்தின் வெற்றிப் பாடல்கள் பலவற்றுக்கும் பின்னால் வாசித்தது ஒரே வாத்தியக் கூட்டம். ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டவர்கள். ஜேம்ஸ் ஜேமர்சன் என்கிற பேஸ் வாத்தியக்காரரின் விரல்களை அந்தத் தலைமுறையில் வானொலி கேட்ட எல்லோருக்கும் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது. உறைகளில் அவர்கள் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. 1971-இல் மார்வின் கேயின் "வாட்ஸ் கோயிங் ஆன்" வந்தபோதுதான் அந்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் உறையில் அச்சாயின. தூறலில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு நிற்கும் மார்வின் கேயின் முன்னட்டைப் படத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழத் தக்க படம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தப் பெயர்ப் பட்டியல். நிறுவனம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பட்டியல் அது.

நம் நாட்டுக் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. 1949-இல் வெளிவந்த "மஹல்" படத்தின் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால் இசைத்தட்டில் அச்சானது "காமினி" என்ற பெயர். அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியது யார் என்று கேட்டு ரசிகர்கள் வானொலி நிலையத்தைத் துளைத்தெடுத்த பிறகுதான் உண்மையான பெயர் வெளியே வந்தது. தட்டின் நடுவில் ஒட்டுகிற அந்த வட்டச் சீட்டில் இரண்டு அங்குல இடம் இருந்தது; அதில் ஒரு மனுஷியின் பெயருக்கு இடமில்லாமல் போயிற்று.

தமிழில் நமக்குப் பாட்டுப் புத்தகம் இருந்தது. தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற, மங்கிய மையில் அச்சடித்த அந்தச் சின்னப் புத்தகம்தான் பாட்டு எழுதியவர் யார், இசை யார் என்பதைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோனது. "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாலும் பெயர்களை நிறுத்தவில்லை. அங்கேயும் வாத்தியக்காரர்கள் கிடையாது என்பது உண்மை. திரையிசையின் வயலின் வரிசைகளில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்த எத்தனையோ பேரை நாம் ஒலியாக மட்டுமே அறிவோம். தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மானின் கேசட்டுகளும் சிடிக்களும் வந்தபோது, உள்ளே மடித்திருந்த தாளில் புல்லாங்குழல் நவீன், பேஸ் கீத் பீட்டர்ஸ், ஒலிப்பதிவு ஹெச். ஸ்ரீதர் என்று படித்தது என் தலைமுறையில் பலருக்குத் திறப்பாக இருந்தது. ஒரு பாட்டு பல கைகளின் வேலை என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இன்லே கார்டுதான். பிடித்த பேஸ் ஓசையைத் தேடி வேறு படங்களின் கேசட்டுகளையும் புரட்டினோம்.

அந்தத் தாளும் போய்விட்டது. செயலிகளில் பாடல் விவரம் காட்டும் வசதி இருக்கிறதே என்பீர்கள். ஸ்பாட்டிஃபை 2018-இல் அதைக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் பாட்டை ஏற்றுகிறவர் நிரப்பினால்தான் அங்கே ஏதாவது வரும். அவசரத்தில் ஏற்றும்போது பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். வடிவமைப்பாளர் பின்னட்டை செய்கிறார் என்றால், யாராவது ஒருவர் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் எழுதியாக வேண்டும். அச்சடிக்காவிட்டாலும் அந்தப் பட்டியல் பிறந்துவிடுகிறது. தளத்தில் ஏற்றுவதற்கும் அதுவே உதவும்.

இன்னொன்றைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். தனியிசை ஆல்பங்களுக்காக என்னிடம் வரும் பட்டியல்களில் கீபோர்டு, கிட்டார், மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும். பறை வந்ததும் "பறைக் குழு" என்று ஆகிவிடும். உருமி, தவில், நாதசுரம் எல்லாம் சேர்ந்து "நாட்டுப்புற வாத்தியங்கள்" என்று ஒரு வரியில் அடங்கிவிடும். ஒப்பாரி பாடிய மூன்று பெண்கள் "கோரஸ்" ஆகிவிடுவார்கள். எழுதிக் கொடுக்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. கைபேசியில் அந்த எண்கள் இல்லை, ஏற்பாடு செய்த ஒருவர் எண் மட்டும் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் யாருடைய எண் நம் கைபேசியில் இருக்கிறது, யாருடையது இல்லை என்பதற்குள் இந்த ஊரின் முழு வரலாறும் இருக்கிறது. அந்தப் பட்டியலை அப்படியே தட்டச்சு செய்து அழகான எழுத்துருவில் வைத்துவிட்டால் அந்த வரலாற்றுக்கு நாமும் துணைபோகிறோம். திருப்பி அனுப்புங்கள். பெயர் கேளுங்கள். எந்த ஊர் என்றும் கேளுங்கள். சேர்த்துப் போட்டால் ஒரு வரி கூடும், அதனால் எந்த வடிவமைப்பும் கெட்டுவிடாது.

அட்டையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2021-இல் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள். பேசப்பட்ட பாடல்கள் "என்ஜாய் எஞ்சாமி", "நீயே ஒளி". முதல் பாட்டை எழுதிச் சேர்ந்து பாடியவரும் இரண்டாவதற்கு வரிகள் எழுதியவருமான அறிவு அந்த அட்டையில் இல்லை. அவர் ஏன் இல்லை என்று இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பிறகு அறிவின் படத்தோடு ஓர் இணைய அட்டை வந்தது. அது இதழின் அட்டை, ஆல்பத்தின் உறை அல்ல. ஆனாலும் அந்த நாட்களில் நடந்த வாக்குவாதத்தில் நம் தொழிலுக்கான கேள்வி இருந்தது. ஒரு சட்டகத்துக்குள் யாரை நிறுத்துகிறோம் என்பதை முடிவு செய்யும் மேசையில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

பெயர்களைத் திணித்தால் அழகு போய்விடும் என்று சிலர் சொல்லலாம். 1983-இல் நியூ ஆர்டர் குழுவின் "பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்" உறையை பீட்டர் சாவில் செய்தபோது முன்னட்டையில் ஒரு எழுத்துகூட இல்லை. ஃபாந்தின்-லத்தூர் வரைந்த ரோஜாக் கூடை ஓவியம், ஓரத்தில் சில வண்ணக் கட்டங்கள், அவ்வளவே. அந்தக் கட்டங்கள் ஒரு சங்கேத எழுத்து. அதைப் படிக்கும் திறவுகோலாக ஒரு வண்ணச் சக்கரம் பின்னட்டையில் இருந்தது. முன்னட்டை எவ்வளவு வேண்டுமானாலும் மௌனமாக இருக்கலாம், பின்னட்டை பேசுமென்றால். பீட்டில்ஸின் "சார்ஜன்ட் பெப்பர்" உறையில் 1967-இல் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவொர்த்தும் நிறுத்திவைத்த கூட்டத்தை உலகமே அறியும். அதன் பின்னட்டையில் சிவப்புப் பரப்பில் பாடல் வரிகள் முழுவதும் அச்சாகியிருந்தன. ராக் இசைத்தட்டுகளில் அதுவரை அப்படி ஒரு வழக்கமில்லை.

இனி வேலை நுட்பம். இதில்தான் நாம் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

தமிழைச் சின்ன அளவில் அச்சடிப்பது ஆங்கிலத்தைப் போல அல்ல. ஆங்கிலத்தை 6 பாயின்டில் வைத்தால் படித்துவிடலாம். தமிழில் ண, ணை, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் சுழிகள் அந்த அளவில் மையால் அடைந்துபோகும். ஏழரை, எட்டுக்குக் கீழே போகாதீர்கள். வரி இடைவெளியையும் ஆங்கில வழக்கத்துக்கு வைத்தால் மேல்வரியின் கூ, மூ கீழே இறங்கி, கீழ்வரியின் கீ, மீ மேலே ஏறி, இரண்டும் முட்டிக்கொள்ளும். பெயர்ப் பட்டியலில் இது நடந்தால் இரண்டு பேரின் பெயர் சிதைகிறது. கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் அந்தக் கறுப்பை நாலு கலரில் கொடுக்காதீர்கள். ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் மெல்லிய கோடுகளுக்குள் நிறம் கசியும். அந்தப் பக்கத்துக்கு ஒற்றைக் கறுப்பு போதும், செலவும் குறையும்.

கேசட் உறை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரம் சுமார் 10 சென்டிமீட்டர், முன்பக்கம் ஆறரை சென்டிமீட்டர் என்று பார்த்தால் இடமே இல்லை போலத் தோன்றும். ஆனால் அந்தத் தாளை உள்ளே மூன்று நான்கு மடிப்பு நீட்டலாம். பெயர், பாடல் வரி, நன்றி எல்லாமே அதில் கொள்ளும். மடிப்பு விழும் இடத்தில் மட்டும் எழுத்து வராமல் பாருங்கள். எல்பி செய்கிற வாய்ப்பு வந்தால், கோப்பைத் திரையில் பார்த்து ஒப்புதல் தராமல் வெள்ளை அட்டையில் ஒரு மாதிரி உறையை வெட்டி மடித்து, உள்ளே ஒரு பழைய தட்டைப் போட்டுப் பாருங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் "ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்" உறையில் 1971-இல் நிஜமான ஜிப் தைத்து வைத்தார்கள். ஆண்டி வாரோலின் யோசனை. அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் பிடி அடுத்த தட்டில் அழுந்திப் பாட்டையே கெடுத்தது. கடைசியில் ஜிப்பைப் பாதி இறக்கி வைத்து அனுப்பினார்கள். பிடி, பாட்டில்லாத நடு வட்டத்தில் அழுந்தட்டும் என்று. யோசனைக்கு எவ்வளவு புகழ் வந்தாலும் தட்டைக் காப்பாற்றியது அந்தப் பாதி இறக்கம்தான்.

"இங்கே யார் தட்டு வாங்குகிறார்கள்?" என்று பாடகர் கேட்பார். நியாயமான கேள்வி. நூறு எல்பி அழுத்துவதற்குக் கூடக் கையில் பணம் இராது. எல்பி வேண்டாம். ஏ4 தாளை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம். கச்சேரி நடக்கும் இடத்தில் ஐம்பதோ நூறோ ரூபாய்க்கு விற்கலாம். பாட்டைக் கேட்க ஒரு கியூஆர் குறியீடு, மற்ற பக்கங்களில் வரிகளும் பெயர்களும். சிவகாசி ஆஃப்செட்டில் பொதுவாக ஆயிரம் பிரதிக்குக் கீழே கட்டுப்படியாகாது; நூறு பிரதிக்கு உங்கள் ஊர் டிஜிட்டல் அச்சகம் போதும். அச்சே வேண்டாம் என்றால் அதையே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் ஆல்பத்தோடு அதையும் இணைத்துக் கொடுக்க முடியும்.

பெயர்களைச் சரிபார்ப்பது தனி வேலை, அதற்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள். ஒவ்வொருவரையும் அழைத்து, உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று கேளுங்கள். முதலெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா, அப்பா பெயரின் எழுத்தா அம்மா பெயரையும் சேர்த்தா, வடமொழி எழுத்து உண்டா இல்லையா என்று அவர்கள் சொல்கிறபடியே போடுங்கள். நீங்களாகத் திருத்த வேண்டாம். வயதான கலைஞர்களிடம் குறுஞ்செய்தியில் கேட்காமல் பேசிக் கேளுங்கள். ஒரு தவில்காரர், தன் பெயருக்கு முன்னால் ஊரையும் குருநாதர் பெயரையும் சேர்த்து நீளமாகச் சொல்வார். அந்த நீளத்துக்குத் தக்கபடி பத்தியை அமைப்பது நம் வேலை. உங்கள் பெயரையும் விடாமல் போடுங்கள், படம் எடுத்தவர், எழுத்து வரைந்தவர், அச்சகம் உட்பட.

இதையெல்லாம் பாட்டு முடிந்த பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. முன்பணம் வாங்குகிற நாளிலேயே ஒரு பட்டியல் தாளை அனுப்பி, பதிவு நடக்கும்போதே நிரப்பச் சொல்லுங்கள். அச்சாகி வந்ததும், அதில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போய்ச் சேரும்படி பாடகரிடம் பேசி வையுங்கள். அந்தத் தபால் செலவை உங்கள் மதிப்பீட்டிலேயே தனி வரியாக எழுதிக் காட்டிவிடுங்கள். பிறகு கேட்டால் கொடுக்கப் பணம் இருக்காது.

தோழமையுடன்,
உறை வடிவமைக்கும் ஒருவன்